பால் வாயில இருந்தாத்தான் தூங்குறான், அடுத்த மாசம் எனக்கு நைட் டூட்டி

திண்டுக்கல் நர்ஸ்:

வணக்கம். பையனுக்கு 11 மாசம் முடியப் போகுது. நான் அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். ஒரு வருஷ லீவு அடுத்த மாசத்தோட முடியுது. போய்ச் சேர்ந்த கையோட நைட் போட்டுடுவாங்க. ராத்திரி 8 மணிக்கு உள்ளே போனா காலையில 8 மணிக்குத்தான் வெளியே வரணும்.

இவன் பிறந்ததுல இருந்து பால் குடிச்சுக்கிட்டேதான் தூங்குவான். வேற எப்படியும் தூங்கினதே இல்ல. 9 மணிக்குப் படுத்துக்கிட்டுக் கொடுத்தா பத்து நிமிஷத்துல கண்ணு சொருகிடும். அதோட விட்டாத் தேவலை. 10.15க்கு ஒரு சிணுங்கல், 12 மணிக்கு ஒண்ணு, 1.30, 3, அப்புறம் விடிய விடிய வாயிலேயே வச்சிருப்பான். பசின்னு சொல்ல முடியாது, ரெண்டு வாய் உறிஞ்சுவான், தூங்கிடுவான். நான் மெதுவா எடுத்தா உடனே தெரிஞ்சுடும். ஒரே பக்கமாப் படுத்துப் படுத்து என் இடது தோள்பட்டை போயே போச்சு.

அம்மா வந்து கூட இருக்காங்க. நான் டூட்டிக்குப் போனா அவங்கதான் பார்த்துக்கணும். அவர் திருப்பூர்ல, ஞாயித்துக்கிழமைதான் வருவார். போன வாரம் ஒரு ராத்திரி அம்மா முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. முக்கால் மணி நேரம் கத்தினான். பக்கத்து ரூம்ல நான் உட்கார்ந்திருக்கேன்னு அவனுக்குத் தெரியும், கதவைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதான். கடைசியில நானே போய்த் தூக்கிட்டேன். தூளியில போட்டா எழுந்து நின்னு துணியைப் பிடிச்சு எட்டிப் பார்க்கிறான். விழுந்துடுவானோன்னு பயந்து அதையும் கழட்டிட்டோம்.

வெட்கத்தை விட்டுச் சொல்றேன், ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரத்துக்கு வார்டுல சார்ட் ஒட்டுறதே நான்தான். 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அப்புறம் சாப்பாட்டோட சேர்த்து 2 வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் கொடுக்கலாம்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். குழந்தையை எப்படித் தூங்க வைக்கிறதுன்னு அந்தச் சார்ட்ல ஒரு வரி இல்ல.

பாலை நிறுத்த எனக்கு இஷ்டம் இல்ல. தூங்கறதுக்கு மட்டும் பால் வேண்டாம்னு ஆகணும். அழ விட்டுத்தான் ஆகணுமா? யாராவது பண்ணியிருந்தா சொல்லுங்க.


ராஜம் பாட்டி:

கண்ணு, இதுக்கு ஏன் இவ்வளவு கவலை. எங்க காலத்துல வேப்பெண்ணெயைத் தடவிக்கிட்டு உட்காருவோம். ஒரு தடவை வாய் வச்சா முகத்தைச் சுளிச்சுக்கிட்டுத் திரும்பிடும், மூணு நாள்ல மறந்துடும். என் நாலு பிள்ளைகளும் அப்படித்தான் பால் மறந்தாங்க. தூக்கத்துக்கு ஜாதிக்காயைக் கல்லுல ரெண்டு உரசு உரசிப் பால்ல கலந்து கொடு.


திண்டுக்கல் நர்ஸ்:

பாட்டி, கோவிச்சுக்காதீங்க. வேப்பெண்ணெய் தடவினா காலையில கொடுக்கற பாலும் போயிடுமே, அது எனக்கு வேணும். ஜாதிக்காய் மட்டும் வேண்டவே வேண்டாம். அளவு தெரியாம உரசிக் கொடுத்து, எழுப்பினாலும் கண்ணு திறக்காத குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தவங்களை நானே குழந்தைகள் வார்டுல பார்த்திருக்கேன்.


கம்பத்து மருமகள்:

தங்கச்சி, நான் பண்ணியிருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோ.

நான் பேங்க்ல வேலை. 26 வாரம்தான் லீவு. பொண்ணுக்கு 10 மாசம் இருக்கும்போது சென்னையில ரெண்டு ராத்திரி டிரெயினிங் போட்டாங்க. வீட்டுல அத்தை இல்ல, தவறிட்டாங்க. என் வீட்டுக்காரர், மாமனார், அவ்வளவுதான். மாமா ரிட்டயர்டு கண்டக்டர், மதுரை–குமுளி ரூட்லயே காலத்தை ஓட்டினவர். கைக்குழந்தையை அவர் தூக்கியே நான் பார்த்ததில்ல, கீழே போட்டுடுவேனோன்னு பயப்படுவார். அவர்தான் கடைசியில தூங்க வச்சார்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். குழந்தை ராத்திரி முழுக்க ஒரே மூச்சாத் தூங்காது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தூக்கம் லேசாகும், லேசானதும், தூங்கும்போது எப்படி இருந்துதோ அப்படியே இருக்கான்னு பார்க்கும். நீ கட்டில்ல படுத்துத் தூங்கிட்டு, முழிச்சா மொட்டை மாடியில இருந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் அதுக்கும். வாயில பாலோட தூங்கினது, முழிக்கும்போது பால் இல்லன்னா தேடும். உன் பையனோட 10.15, 12, 1.30 எல்லாம் இந்தக் கணக்குத்தான். அதனால நடுராத்திரியில போராடாதே. 9 மணிக்கு எப்படித் தூங்குறானோ அதை மாத்து, மத்தது ஒண்ணொண்ணாத் தானா விழும்.

நான் முதல் வாரம் பாலைக் குறைக்கவே இல்ல, அது வர்ற வரிசையை மட்டும் மாத்தினேன். முன்னாடி எல்லாம் சாப்பாடு, முகம் துடைக்கிறது, துணி மாத்துறது, லைட்டை அணைக்கிறது, கடைசியாப் பால்னு இருந்தது. பாலைத் தூக்கி முன்னாடி போட்டேன். ஹால்ல, லைட் போட்டு, நாற்காலியில உட்கார்ந்து வயிறு ரொம்பக் கொடுத்தேன். கண்ணு சொருகினா உள்ளங்காலைத் தேய்ச்சுவிடுவேன். அதுக்கப்புறம் ஈரத்துணியால வாயும் பல்லும் துடைச்சு, துணி மாத்தி, அப்புறம்தான் ரூமுக்கு. பல் வந்த பிறகு பாலோட தூங்காம இருக்கறது பல்லுக்கும் நல்லது. முதல் நாலு நாள் ரூம்ல மறுபடி கொஞ்சம் கேட்டா, கொடுத்தேன். ஆனா முழுசாத் தூங்கறதுக்கு முன்னாடி எடுத்துடுவேன். இழுக்காதே, வலிக்கும். சுண்டுவிரலை வாய் ஓரமா உள்ளே விட்டா பிடி விடும். விட்டதும் தாடையை விரலால லேசாத் தாங்கிக்கோ. முதல் ராத்திரி பதினோரு தடவை எடுத்தேன், பதினோரு தடவையும் தேடிப் பிடிச்சா. நாலாவது நாள் மூணு தடவை.

ரெண்டாவது வாரம் மாமா கையில கொடுத்தேன். இங்கதான் ஒரு விஷயம், நீ பக்கத்து ரூம்ல உட்கார்ந்ததுதான் தப்பு. இருக்கேன்னு தெரிஞ்சா எந்தக் குழந்தை விடும்? நான் மொட்டை மாடிக்குப் போயிட்டேன், தண்ணி டேங்க் பக்கத்துல நின்னேன். கீழே அவ அழற சத்தம் கேட்குது, எனக்கு இங்க ஜாக்கெட் நனையுது. இறங்கிடலாம்னு நாலு படி இறங்கி, மறுபடி ஏறினேன்.

மாமாவுக்குத் தாலாட்டு வராது. என்ன பண்றதுன்னு தெரியாம, தோள்ல போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டே அவருக்குத் தெரிஞ்சதைச் சொல்லியிருக்கார். "செக்கானூரணி... உசிலம்பட்டி... ஆண்டிபட்டி கணவாய்... ஆண்டிபட்டி... க.விலக்கு... தேனி தேனி தேனி..." அதே கண்டக்டர் குரல்தான், ஆனா தாழ்வா இழுத்து. அப்புறம் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், குமுளி. முதல் ராத்திரி குமுளி போய் மதுரை திரும்பி மறுபடி குமுளி போனாராம், 40 நிமிஷம். அவரோட துண்டு நுனியைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டா. படுக்க வச்சதும் துண்டை மெதுவா உருவிட்டார், முகத்துல துணி விழுந்துடக் கூடாதே. ரெண்டாவது ராத்திரி ஒரு தடவை குமுளி, திரும்பற வழியில சின்னமனூர். அஞ்சாவது ராத்திரி உசிலம்பட்டி தாண்டல.

அழுதாளான்னு கேட்டா, ஆமா, அழுதா. ஆனா ஒருத்தர் தோள்ல இருந்துக்கிட்டு அழறது வேற, இருட்டு ரூம்ல தனியா அழறது வேற. முதல்ல சொன்னதுக்கு மனசு கேட்டுச்சு, ரெண்டாவதுக்கு எனக்குக் கேட்கல.

நடுவுல சளி பிடிச்சு மூணு நாள் எல்லாம் பழையபடி ஆச்சு. உடம்பு முடியாதப்போ கொடுத்துட்டேன், அப்புறம் திரும்ப ஆரம்பிச்சப்ப ரெண்டே நாள்ல பழகிட்டா. ராத்திரி 3 மணிப் பாலை மட்டும் 14 மாசம் வரைக்கும் வச்சிருந்தேன். அது நிஜப் பசியோ என்னவோ, சண்டை போடல.

சாயங்காலம் 5 மணிக்கு மேல தூங்க விடாதே. 7 மணி வரைக்கும் தூங்கிட்டு எழுந்தா யார் வந்தாலும் 9 மணிக்குத் தூங்காது.


ரெண்டு பொண்ணு அப்பா:

சிஸ்டர், நாங்க முதல் பொண்ணுக்கு அழ விடற முறையைத்தான் முயற்சி பண்ணினோம். அமெரிக்காவுல இருக்கற நண்பன் சொன்னான், தொட்டில்ல படுக்க வச்சுட்டு வெளியே வந்துடணும், 3 நிமிஷம் கழிச்சு ஒரு தடவை எட்டிப் பார்க்கணும், அப்புறம் 5, அப்புறம் 10. அங்க தனித்தனி வீடு. நாங்க இருந்தது காம்பவுண்டு வீடு, ஆறு குடித்தனம். ரெண்டாவது ராத்திரி 10 நிமிஷ இடைவெளியில நான் மொபைல்ல மணி பார்த்துக்கிட்டு நிக்கிறேன், கதவைத் தட்டி மாடி வீட்டு ஆத்தா உப்பு மிளகாயோட உள்ளே வந்துட்டாங்க. குழந்தைக்குக் கண்ணு பட்டிருக்காம். சுத்திப் போட்டு, தூக்கித் தோள்ல போட்டு, அவங்களே தூங்க வச்சுட்டுப் போனாங்க. எங்க முறை அன்னிக்கே முடிஞ்சுபோச்சு.

ரெண்டாவது பொண்ணை நானேதான் தூங்க வச்சேன். ஒரு சந்தேகம் அக்கா, பாலுக்குப் பதிலாத் தோள்ல போட்டு நடக்கற பழக்கம் வந்துடுதே? என் பொண்ணுக்கு 2 வயசு வரைக்கும் நடந்தேன், 13 கிலோ.


கம்பத்து மருமகள்:

வரும். ஒரு பழக்கத்தை எடுத்தா இன்னொண்ணு வந்து உட்காரும், அது உண்மைதான். ஆனா தோள் யார்கிட்ட வேணா இருக்கும், பால் என்கிட்ட மட்டும்தானே? எனக்கு அப்ப அது போதும். மாமா பத்து நாள்ல நடக்கறதை நிறுத்திட்டுக் கட்டில்ல உட்கார்ந்துட்டார், அப்புறம் பக்கத்துல படுக்க வச்சு முதுகைத் தட்டினார். அவருக்கு முட்டி வலி, வேற வழி இல்ல.

தங்கச்சி, டூட்டியில மார்பு கட்டிக்கும், மறக்காமப் பீய்ச்சி எடுத்துடு. உனக்குத் தெரியாததை நான் என்ன சொல்லப் போறேன்.


திண்டுக்கல் நர்ஸ்:

தெரியும்க்கா. அறையில 4 மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல 4 நாள்னு நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். இன்னிக்கு ராத்திரியே பாலை ஹாலுக்கு மாத்தறேன். அம்மாவுக்கு பஸ் ரூட் தெரியாது, பார்ப்போம்.


திண்டுக்கல் நர்ஸ் (26 நாள் கழித்து):

என்ன ஆச்சுன்னு கேட்டு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க, அதனால வந்தேன்.

முதல் வாரம் அக்கா சொன்ன மாதிரியே பாலை ஹாலுக்கு மாத்தினேன். மூணாவது நாளே நாற்காலியைக் காட்டிக் கை நீட்ட ஆரம்பிச்சுட்டான். விரலை விட்டு எடுக்கறது மட்டும் எனக்குச் சரியா வரல, கடிச்சுட்டான். நாலு பல்லு இருக்கு. ரெண்டாவது வாரம் அம்மாகிட்டக் கொடுத்துட்டு நான் எதிர்த்த வீட்டுத் திண்ணையில போய் உட்கார்ந்தேன். முதல் ராத்திரி 35 நிமிஷம், அடுத்தது 50. அது கூடினதும் விட்டுடலாம்னுதான் தோணுச்சு. மூணாவது நாள் 20.

அம்மா பூ கட்டுறவங்க. நிலக்கோட்டை மல்லியை முழம் போட்டு எண்ற மாதிரி, முதுகைத் தட்டிக்கிட்டே "ஒரு முழம், ரெண்டு முழம்"னு எண்ணியிருக்காங்க. இருபது முழத்துக்குள்ள தூங்கிடறானாம். 10.15 சிணுங்கல் போயிடுச்சு, 1.30ம் போச்சு. 12 மணிக்கும் 3 மணிக்கும் இன்னும் எழுந்துக்கறான். 12க்கு அம்மா தட்டினாப் போதும். 3 மணிக்கு, ஃப்ரிட்ஜ்ல வச்ச பாலைக் குளிர் தணிச்சுப் பாலாடையில கொடுத்தாக் குடிக்கிறான், பாதி சட்டையில.

முந்தாநாள் முதல் நைட். 10 மணிக்கு எல்லாருக்கும் பி.பி. பார்த்து முடிச்சுட்டு போன் பண்ணினேன். அம்மா எடுக்கல. 10.30க்குப் பண்ணினேன், எடுக்கல. கையெல்லாம் நடுங்க ஆரம்பிச்சு, எதிர் வீட்டு அக்காவுக்குப் போட்டேன். அவங்க ஜன்னல் வழியாப் பார்த்துட்டு வந்து சொன்னாங்க, லைட் அணைஞ்சிருக்கு, உங்கம்மா குறட்டை தெரு வரைக்கும் கேட்குதுன்னு.

காலையில வீட்டுக்கு வந்ததும் ஹால் நாற்காலியைத் தானே இழுத்துக்கிட்டு நின்னான். குடிச்சான். பகல்ல நானும் தூங்கணும், அதனால கட்டில்ல படுத்துக்கிட்டே கொடுத்தேன், ரெண்டு பேரும் அப்படியே தூங்கிட்டோம். இதுவரைக்கும் பண்ணினதெல்லாம் கெட்டுப் போயிடுமா?


கம்பத்து மருமகள்:

ராத்திரி அம்மாகிட்ட எத்தனை முழம் ஆச்சுன்னு கேட்டுச் சொல்லு. இருபதுக்குள்ள இருந்தா ஒண்ணும் கெடல.


திண்டுக்கல் நர்ஸ்:

பதினாலு.