குளத்து விராலுக்குத் தவளை லூர் எந்த சைஸ் போடறதுங்க?

நொய்யல்கரை கேட்டது:

அண்ணாமார்களுக்கு வணக்கமுங்க. சூலூருக்குக் கிழக்கால ஒரு குளம். ஏலம் எடுத்தவர்கிட்டக் கேட்டுட்டுத்தான் போடறது. பாதிக் குளம் ஆகாயத்தாமரை, மேக்கால ஓரம் பூரா கோரை, மதகுப் பக்கம் மட்டும் வெட்டவெளித் தண்ணி. மதகுகிட்ட ஓராள் ஆழம், மத்த இடம் இடுப்பளவுதான். தண்ணி பச்சையா, கலங்கலா இருக்குது. விரால் அரைக்கிலோவுல இருந்து ரெண்டு கிலோ வரைக்கும் கிடக்குது.

ராடு (தூண்டில் கழி) ஆறரை அடி, மீடியம் ஹெவி, வீசற லூர் எடை 10-30 கிராம்னு போட்டிருக்குது. ரீல் 3000 சைஸ், பிரெய்டு (பின்னின லைன்) 30 பவுண்டு. கையில மூணு தவளை லூர், ரப்பர்ல செஞ்ச பொய் இரை: 4 செ.மீ. 6 கிராம், 5.5 செ.மீ. 12 கிராம், 6.5 செ.மீ. 18 கிராம்.

சந்தேகம் ரெண்டுங்க. அமெரிக்காவுல மஸ்கிங்கற மீன் பிடிக்கறவங்க வீடியோவுல ஒரு சாண் லூர், அதுக்கும் பெருசு போடறாங்க. பெரிய லூர் போட்டா பெரிய மீன் வரும்கறது நம்ம விராலுக்கும் பொருந்துமா? ரெண்டாவது, 5.5ல மீன் பத்துத் தடவை அடிச்சா ரெண்டுதான் மாட்டுது. 4க்கு இறங்கலாமா?

---

காளிங்கராயன்பாளையம்:

தம்பி, ரெண்டாவது கேள்வியத்தான் மொதல்ல பாக்கோணும். அடிச்ச மீன் மாட்டலைன்னா சைஸ் பெருசுன்னு உடனே சின்னதுக்கு ஓடாதீங்க. அடிச்சுதுன்னாலே சைஸ் அதுக்குப் பிடிச்சுருக்குதுன்னு அர்த்தம். மாட்டாததுக்குக் காரணம் முக்காவாசி தூண்டில் முள்ளுலயும் கையிலயும்தான் இருக்கும்.

தவளையக் கையில எடுத்து, வாயில கடிக்கறாப்புல கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வச்சு அமுக்கிப் பாருங்க. ரெண்டு முள்ளு முனையும் ரப்பருக்கு மேல 4-5 மி.மீ.யாவது தெரியோணும். தெரியலைன்னா அந்தத் தவளை எந்த சைஸா இருந்தாலும் மாட்டாது. ரப்பர் கெட்டியா இருக்கற மலிவு சரக்குல இதுதான் கோளாறு. கொதிக்கற தண்ணிய ஒரு டம்ளர்ல ஊத்தி, சித்த நேரம் முக்கி எடுத்து அமுக்கிப் பழக்குனா கொஞ்சம் இளகும். இல்லைன்னா பிளையர்ல ஒவ்வொரு முனையையும் வெளிப்பக்கமா ஒரு நூல் அளவு விரிச்சு விடுங்க. ஒரு நூலுக்கு மேல வேண்டாம். அதிகமா விரிச்சா பாசியெல்லாம் இழுத்துட்டு வரும், முள்ளும் வளைஞ்ச இடத்துல முறியும்.

அப்பறம் ஸ்ட்ரைக், அதாவது முள்ளு ஏறறதுக்கு ராட்டைத் தூக்கறது. சத்தம் கேட்ட உடனே வெட்டி இழுத்தீங்கன்னா தவளை பறந்து உங்க மூஞ்சிக்கே வரும். சத்தம் கேட்டதும் ராடு முனையத் தண்ணிப் பக்கம் இறக்கி, தொய்வு இருக்கற லைனைச் சுத்தி, கையில கனம் தெரிஞ்ச பின்னால மேல தூக்குங்க. 6.5க்கு ரெண்டு எண்ணுங்க, 5.5க்கு ஒண்ணரை. 4 செ.மீ.க்கு எண்ணவே வேண்டாம், கனம் தெரிஞ்சா தூக்கிரலாம். தாமதிச்சா சின்னத் தவளைய உள்ள வரைக்கும் முழுங்கிரும், அப்பறம் விட்டாலும் அந்த மீன் பொழைக்காது.

இதெல்லாம் சரி பண்ணிட்டு அதே 5.5லயே போட்டுப் பாருங்க. நீங்க சொல்ற குளத்துக்கு அதுதான் நடுவாந்தரமான சைஸ்.

---

ஆழியாறு_தூண்டில்:

மஸ்கி பத்தி மட்டும் சொல்லிடறேன், அதுல ஒரு பாடம் இருக்குது.

மஸ்கி விஸ்கான்சின், மினசோட்டா மாதிரி வட அமெரிக்க ஏரிகள்ல இருக்கற மீன். ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். உலகப் பதிவா வச்சிருக்கறது 1949ல விஸ்கான்சின்ல பிடிச்ச 67 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது முப்பது கிலோவுக்கு மேல. அது தின்னறது ஒரு சாண் நீளத்து மீனுங்க. அதனால 20-30 செ.மீ. லூர் அதுக்குப் பெருசே இல்ல, அன்னாடச் சாப்பாடு. அங்கேயும் வருஷம் பூரா ஒரே சைஸ் போடறதில்ல. முட்டை விட்டு முடிஞ்ச வசந்த காலத்துல, தண்ணி குளிரா இருக்கும்போது 10-15 செ.மீ.தான். இலையுதிர் காலத்துல குஞ்சு மீனெல்லாம் வளர்ந்த பின்னால 25க்கு மேல போறாங்க. மீனோட சைஸைப் பாத்து லூர் எடுக்கறதில்ல, அந்த மாசம் அது எதைத் தின்னுதோ அதைப் பாத்து எடுக்கறாங்க.

இன்னொரு வித்தியாசம். ஒரு அடி லூர்ல முன்னால, நடுவுல, பின்னாலன்னு ரெண்டு மூணு இடத்துல மூணு முனை முள்ளு தொங்கும். மஸ்கி குறுக்கால கவ்வும், எங்க கவ்வுனாலும் ஒரு முள்ளு இருக்கும். நம்ம தவளைக்கு ஒரே ஒரு ரெட்டை முள்ளு, அதுவும் முதுகோட ஒட்டிப் பின்னால. அதனால தவளையோட மொத்த நீளம் அவ்வளவு முக்கியம் இல்ல. முள்ளு முனைக்குப் பின்னால எவ்வளவு நீட்டிட்டு இருக்குதுங்கறதுதான் கணக்கு. வால் ரப்பர், காலாத் தொங்கற ரப்பர் இழை, ஸ்பின்னர் (சுத்தற) தகடு எல்லாம் அதுல சேரும்.

இங்க விராலுக்கு என்ன சாப்பாடு? கோரை ஓரத்துல சின்னத் தவளை, தட்டான், ஜிலேபிக் குஞ்சு, இறால். சித்திரை, வைகாசியில தண்ணி வத்திக் கிடக்கும்போது ஜிலேபிக் குஞ்சு விரல் நீளம்தான் இருக்கும், 4-4.5 செ.மீ. தவளை நல்லா எடுபடும். ஐப்பசி மழையில குளம் ஏறி, கரையெல்லாம் தவளை கத்த ஆரம்பிச்சுதுன்னா 5.5, 6.5 போடலாம். ரெண்டு கிலோ விரால் 4 செ.மீ. தவளையையும் அடிக்கும். அரைக்கிலோ விரால் 6.5ஐயும் அடிக்கும், ஆனா வாயில கொள்ளாது. பெருசு போட்டா பெருசு வரும்னு இல்ல, சின்னது மாட்டறது குறையும், அவ்வளவுதான்.

---

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்ணா. அமுக்கிப் பாத்தனுங்க. 5.5ல முனை நல்லாவே தெரியுது. ஆனா தவளையில இருக்கற பல்லுத் தடம் பூரா கால் ரப்பர்லதான் இருக்குது. ஒரு பக்கத்துக் கால்ல நாலஞ்சு இழை அறுந்தே போச்சு. உடம்பு மேல ஒரு கீறல்கூட இல்லீங்க.

---

காளிங்கராயன்பாளையம்:

அது போதும் தம்பி, கோளாறு தெரிஞ்சுபோச்சு. மீன் கால மட்டும் கடிச்சு இழுக்குது.

கத்திரிக்கோல் எடுத்துக் காலைக் குறைங்க. வாங்கும்போது கால் 5-6 செ.மீ. தொங்கும். உடம்புல இருந்து 3 செ.மீ. விட்டு வெட்டுங்க, ஒரு பக்கம் அரை செ.மீ. நீளமாவே இருக்கட்டும். ரெண்டு காலும் ஒரே அளவா இருந்தா நேரா வரும். ஏறுக்கு மாறா இருந்தா இடதும் வலதுமா நெளிஞ்சு வரும், இருந்த இடத்துலயே ஆட்டிக் காட்டவும் முடியும். ஒரேயடியா வெட்டிராதீங்க, கொஞ்சங்கொஞ்சமா வெட்டித் தண்ணியில போட்டுப் பாத்துட்டு மறுக்கா வெட்டுங்க.

இனிமே ஒவ்வொரு அடி விழுந்ததும் தவளையத் திருப்பிப் பாக்கற பழக்கம் வச்சுக்குங்க. தடம் கால்ல இருந்தா காலைக் குறைக்கோணும், இல்லைன்னா இழுக்கற வேகத்தக் குறைக்கோணும். உடம்பு நடுவுல ரெண்டு பக்கமும் தடம் இருந்து மாட்டலைன்னா அவசரப்பட்டுட்டீங்க, இல்ல முள்ளு மழுங்கிப்போச்சு. நகத்து மேல முனைய வச்சு லேசா இழுத்தா வழுக்கிட்டுப் போகக் கூடாது, குத்தி நிக்கோணும். தடமே இல்லாம தண்ணி மட்டும் பொங்குச்சுன்னா மீன் வாயைத் தொறந்து வந்து தவளையத் தள்ளியுட்டுருக்குது, இல்ல கடைசி நேரத்துல திரும்பிருச்சு. சைஸ மாத்த வேண்டிய இடம் அது ஒண்ணுதான். ஒரே இடத்துல ரெண்டு மூணு தடவ அப்படிப் பொங்குனா ஒரு சைஸ் இறங்குங்க.

---

கோரைக்காடு:

மேலே சொன்ன எல்லாமே சரி. சைஸ் என்றால் எல்லோரும் நீளத்தையே பேசுகிறோம், எடையும் முள்ளின் கம்பித் தடிமனும் விட்டுப்போகின்றன. 4 செ.மீ.க்கு இறங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ராடு 10 கிராமில்தான் ஆரம்பிக்கிறது. 6 கிராம் தவளை அதை வளைக்காது, பாதி தூரத்தில் விழும். கை வேகத்தைக் கூட்டினால் பிரெய்டு ரீலில் சிக்கிக்கொள்ளும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம் வரை வீசும்போது இன்னும் மோசம்: தவளை போன இடம் ஒன்று, லைன் வில்லாக வளைந்து கிடக்கும் இடம் வேறு. அப்படி வளைந்து கிடக்கும் லைனில் ஸ்ட்ரைக் முள்ளுக்குப் போய்ச் சேராது. ஆடி, ஆவணியில் கால் குறைத்த 12-14 கிராம் தவளைதான் சரி, காற்றுக்கு முதுகு காட்டி நின்று போடுங்கள்.

சின்னது போட்டே ஆகவேண்டும் என்றால், முள் வெளியே வரும் ஓட்டை வழியாக 2-3 கிராம் ஈயக் குண்டைப் பின்பக்கம் உள்ளே தள்ளிவிடலாம். தூரமும் போகும், பின்பக்கம் தாழ்ந்து மிதப்பதால் முள் மீனின் வாய்க்குள் போவதும் எளிது. ஆனால் குண்டு ஆடிச் சத்தம் போடும். கலங்கல் தண்ணீரில் அது நல்லது. தெளிந்த வாய்க்கால் தண்ணீரில் ஒரு துளி பசை வைத்து ஒட்டிவிடுங்கள்.

சின்னத் தவளைகளில் முள் கம்பி மெல்லியது. டிராக்கை (லைன் நழுவுவதைக் கட்டுப்படுத்தும் ரீல் பிடிப்பை) முழுக்க இறுக்கி, ஆகாயத்தாமரை வேருக்குள் புகுந்த ஒன்றரைக் கிலோ விராலை இழுத்தால் முள் நிமிர்ந்துவிடும். செடி அடர்ந்த பக்கம் 5.5க்குக் கீழே போகாதீர்கள், பிரெய்டையும் 40-50 பவுண்டாக மாற்றுங்கள். வெட்டவெளியில் 4 செ.மீ.யும் 30 பவுண்டும் போதும்.

ஆகாயத்தாமரை முழங்கால் உயரம் நின்றால் அதன் மேல் தவளையை இழுக்க முடியாது, இலைக்கு நடுவே விழுந்து சிக்கும். அங்கே இடைவெளி பார்த்துப் போடுங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவு திறப்பு போதும், விரால் மூச்சு விட மேலே வரும் இடம் அதுதான். தவளையைத் திறப்புக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு, இழுத்து வந்து திறப்பில் நிறுத்தி, பத்து எண்ணும்வரை சும்மா விடுங்கள். படர்ந்து கிடக்கும் பாசி மேல் 18 கிராம் தவளை நல்லது. அதன் கனத்தில் பாசி அமுங்கி அசைவது அடியில் இருக்கும் மீனுக்குத் தெரியும். 6 கிராம் அதில் பூ விழுந்த மாதிரிதான்.

---

ஆழியாறு_தூண்டில்:

கோரைக்காடு அண்ணன் சொன்ன ஈயக் குண்டுல ஒண்ணு மட்டும் மாத்திச் சொல்லுவேன். 3 கிராம் 4 செ.மீ. உடம்புக்கு அதிகம். ரப்பர் மெத்துன்னு இருந்தா, உள்ள கொஞ்சம் தண்ணி போனாலே முழுகிரும். 2 கிராமோட நிறுத்துங்க. அஞ்சாறு தடவ வீசுனதும் முள்ளுப் பக்கம் கீழ பாத்தாப்புல பிடிச்சுத் தண்ணியப் பிதுக்கி விட்டுருங்க. தவளை ஒரு பக்கம் சாஞ்சு வந்தா உள்ள தண்ணி ஏறியிருக்குதுன்னு அர்த்தம்.

பச்சையா கலங்குன குளத்துல சைஸைக் கூட்டறதுக்குப் பதிலா சத்தத்தக் கூட்டுங்க. அதே 5.5ல பின்னால சின்னத் தகடு சுத்தற மாடல் கிடைக்குது. ஆனா தகடு முள்ளு முனைக்குப் பின்னால ரெண்டு செ.மீ.க்கு மேல நீட்டக் கூடாது. நீட்டுனா உங்க கால் ரப்பர் கதைதான் மறுக்காவும்.

---

காளிங்கராயன்பாளையம்:

தம்பிக்கு இன்னொண்ணு. மழை விழுந்து கொஞ்ச நாள்ல கோரை ஓரத்துல செவசெவன்னு குஞ்சுக் கூட்டம் கொதிக்கறாப்புல மேல வந்து வந்து போகும். அடியிலயே தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அதுக்கு நடுவுல 4 போட்டாலும் அடிக்கும், 6.5 போட்டாலும் அடிக்கும், குச்சி போட்டாலும் அடிக்கும். பசியில அடிக்கறதில்ல, குஞ்சைக் காப்பாத்தறதுக்கு அடிக்கறது. அதை வச்சு இந்த சைஸ்தான் இந்தக் குளத்துக்குன்னு முடிவு பண்ணிராதீங்க, அடுத்த வாரம் ஒண்ணும் நடக்காது. அந்த ஜோடியத் தூக்கிட்டா ஜிலேபியும் கெளுத்தியும் ஒரே நாள்ல குஞ்சு அத்தனையும் தின்னு தீத்துரும். அந்த எடத்த விட்டுட்டு இருபதடி தள்ளிப் போடுங்க.

---

நொய்யல்கரை:

சரிங்ணா. காலை 3 செ.மீ.க்கு வெட்டியாச்சு, வலது பக்கம் அரை செ.மீ. நீளமா விட்டிருக்கறேன். தொட்டியில போட்டு இழுத்தா நெளிஞ்சு வருதுங்க. பிரெய்டு 40 பவுண்டு வாங்கோணும். லீடர் (பிரெய்டுக்கும் தவளைக்கும் நடுவுல கட்டற தனித் துண்டு லைன்) கட்டோணுமா, நேராவே கட்டிரலாமுங்களா?

---

கோரைக்காடு:

செடிக்குள் போடும்போது நேராகவே கட்டுங்கள். லீடர் முடிச்சில் பாசி கோத்துக்கொள்ளும். பாலோமர் முடிச்சு, எச்சில் தொட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு சாண் லைனை விரலால் தடவிப் பாருங்கள், பஞ்சு மாதிரி உரிந்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். மதகுப் பக்கம் கல் கட்டு இருந்தால் மட்டும் ஒன்றரை அடி 40 பவுண்டு நரம்பு லீடராகப் போடுங்கள், கல்லில் பிரெய்டு உரசினால் நிற்காது.