10 மாதத்தில் உடைந்த லேப்டாப் கீல், "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்கிறது சர்வீஸ் சென்டர். என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை_சிவகாசி:

எல்லோருக்கும் வணக்கம். லேப்டாப் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

போன வருடம் ஜூலையில் 54,000 ரூபாய்க்கு ஒரு 15 அங்குல லேப்டாப் வாங்கினேன். டேலி, எக்செல், ஜிஎஸ்டி தாக்கல், இவ்வளவுதான் அதில் என் வேலை. மேசையை விட்டு அதிகம் நகராது. ஒரு மாதமாகவே மூடியைத் திறக்கும்போது இடது பக்கக் கீலில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போன செவ்வாய்க்கிழமை திறந்தபோது அந்த மூலையில் கீபோர்டை ஒட்டிய பிளாஸ்டிக் அப்படியே வாய் பிளந்துவிட்டது. உள்ளே சின்னதாக ஒரு பித்தளை நட்டு கழன்று உருள்கிறது. திரை எரிகிறது, ஆனால் மூடியை அசைத்தால் கோடு கோடாக வருகிறது.

வாரண்டி முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நம்பிக்கையோடு மதுரைக்கு பஸ் ஏறி, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "சிஐடி சார், வாரண்டி வராது" என்றார்கள். சிஐடி என்றால் கஸ்டமர் இண்டியூஸ்டு டேமேஜாம், அதாவது நான் உடைத்தது. மூடி, கீல், கீபோர்டு பாகம் எல்லாம் மாற்ற 16,500 ரூபாய் எஸ்டிமேட். கீழே விழவில்லை, எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை என்று திருப்பித் திருப்பிக் காட்டினேன். "கம்பெனி பாலிசி சார்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

பணம் ஒரு பக்கம். மனது ஆறாததற்கு வேறு காரணம் இருக்கிறது. 2013-ல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். அது இதே நிறுவனத்துடையது. பி.காம் முழுக்க அதில்தான் படித்தேன், டேலி கற்றுக்கொண்டது அதில்தான். பேட்டரி செத்த பிறகும் ஒயரைச் சொருகி வைத்து 9 வருடம் ஓட்டினேன். அந்த நன்றியில்தான் 2020-ல் தங்கைக்கு ஆன்லைன் வகுப்புக்காக அதே கம்பெனி, போன வருடம் எனக்கும் அதே கம்பெனி. கடையில் வேறு ஒன்றைக் காட்டியபோதுகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் நாலு பேருக்கு இதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது கேட்க வேண்டியது இதுதான். இந்த மெஷினை எப்படிச் சரிசெய்வது? வாரண்டியை விடாமல் கேட்க வழி உண்டா? அடுத்த மாதம் அலுவலகத்துக்கு இரண்டு லேப்டாப் வாங்க வேண்டும், அதற்கு எந்தப் பக்கம் போவது?

மாற்றிப்பார்_மச்சி:

அந்தக் கம்பெனியே வேண்டாம் நண்பா. 2021-லேயே நான் தலைமுழுகிவிட்டேன். கீபோர்டு போனபோது மூன்று வாரம் அலைக்கழித்தார்கள். அப்புறம் மாறிய பிராண்டில் நாலு வருடமாக ஒரு குறையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மாறுங்கள்.

பழுதுக்கடை_ஈரோடு:

தம்பி, முதல் வேலையாக இன்றைக்கே உங்கள் டேலி டேட்டாவை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். மூடியை அசைத்தால் கோடு வருகிறது என்றால், கீல் வழியாகத் திரைக்குப் போகும் ஒயரை அது நசுக்க ஆரம்பித்துவிட்டது. அது அறுந்தால் திரை போகும். சில சமயம் ஷார்ட் ஆகி மதர்போர்டில் இருக்கும் ஃபியூஸையும் சேர்த்துக் காவு வாங்கிவிடும். ஆகவே மூடியைத் திறந்த நிலையிலேயே விட்டுவிடுங்கள். மூடித் திறக்க வேண்டாம். வேலை இருந்தால் ஹெச்டிஎம்ஐ ஒயர் போட்டு வெளி மானிட்டரில் பாருங்கள்.

இது ஏன் உடைகிறது என்பதைச் சொல்கிறேன், உங்கள் மேல் தப்பில்லை என்பது புரியும். கடைக்காரர்கள் நாங்கள் லேப்டாப் உடம்பை நாலாகப் பிரிப்போம். மூடியின் முதுகு ஏ பேனல், திரையைச் சுற்றிய சட்டம் பி, கீபோர்டு இருக்கும் தட்டு சி, அடித்தட்டு டி. கீலின் ஒரு கை ஏ பேனலில், இன்னொரு கை சி பேனலில் ஸ்குரூ போட்டு நிற்கும். கீல் இரும்பு. அதைத் தாங்கும் சி பேனல் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னத் தூண் மாதிரி இருக்கும், அதற்குள் சூடுபண்ணி அழுத்திய பித்தளை நட்டுகள். அதில் ஒன்றுதான் உங்களிடம் உருள்கிறது. மூடி நினைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகக் கீல் தண்டில் வாஷர்களைப் போட்டு ஒரு நட்டால் இறுக்கியிருப்பார்கள். உள்ளே கிரீஸ் காயக் காய அது இன்னும் இறுகும். திறக்கும்போது நீங்கள் கொடுக்கும் விசை கீலைத் திருப்ப முடியாமல் நேராக அந்தப் பிளாஸ்டிக் தூணைப் பிடுங்குகிறது. நாம் எல்லோரும் மூடியை ஒரு மூலையைப் பிடித்துத்தான் தூக்குவோம், அந்தப் பக்கம் முதலில் போகும். என் கடைக்கு மாதத்தில் ஏழெட்டு இப்படி வருகிறது. எல்லாக் கம்பெனியும் வருகிறது தம்பி, மேலே ஒருவர் மாறச் சொன்னாரே, அவர் மாறிய கம்பெனி எதுவாக இருந்தாலும் அதுவும் வந்திருக்கும்.

இனி வைத்தியம். வாரண்டி சண்டை முடியும்வரை யாரையும் திறக்க விடாதீர்கள், நானே கேட்டாலும் கொடுக்காதீர்கள். திறந்த தடம் இருந்தால் அதையே காரணம் காட்டுவார்கள். சண்டை தோற்றால் மட்டும் வெளியில் செய்யுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும். உடைந்த தூண்களை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸியால் நட்டைப் பழைய இடத்தில் உட்கார வைத்து ஒரு நாள் முழுக்க காய விட வேண்டும். உடனே ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம். அது ஓடிப்போய்க் கீலுக்குள் இறங்கும், காய்ந்ததும் ஒரு அதிர்ச்சிக்கு உடையும். தூண் பொடிப்பொடியாகியிருந்தால் சி பேனலையே மாற்றுவதுதான் சரி.

இதில் பாதிப் பேர் விட்டுவிடுவது ஒன்று இருக்கிறது. ஒட்டினாலும் மாற்றினாலும், கீல் தண்டின் முனை நட்டைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு துளி கிரீஸ் விட வேண்டும். இதைச் செய்யாமல் புதுப் பேனல் போட்டால் ஆறு மாதத்தில் திரும்ப என்னிடம்தான் வருவீர்கள்.

கணக்குப்பிள்ளை_சிவகாசி:

அண்ணே, ரொம்ப நன்றி. டேட்டா எடுத்துவிட்டேன். மூடியை மூடவில்லை. நான் உடைக்கவில்லை என்று நீங்கள் சொன்னதே பாதி பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது.

நுகர்வோர்_நண்பன்:

நான் வக்கீல் இல்லை. ஒரு பிரிட்ஜ் விவகாரத்தில் நானே மனுப் போட்டு நடத்தியவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வாய்ப்பேச்சு எதையும் நம்பாதீர்கள். திரும்பப் போய் ஜாப் ஷீட், அதாவது பழுது விவரம் எழுதித் தரும் தாள், கேளுங்கள். எந்த அடையாளத்தை வைத்து 'கஸ்டமர் உடைத்தது' என்று முடிவு செய்தார்கள் என்பதை அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அன்றைக்கே மின்னஞ்சலில், "இந்தத் தேதியில் வந்தேன், இப்படிச் சொன்னீர்கள், காரணம் எழுதித் தரவில்லை" என்று அனுப்பி வையுங்கள். நாலு பக்கமும் போட்டோ, அடி படாத மூலைகள் தனியாக, பில்லோடு சேர்த்து.

அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் பதிவானதும் அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருப்பவருக்கு இல்லாத அதிகாரம் அந்தப் புகாரைப் பார்ப்பவருக்கு இருக்கும், நிறைய விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். இப்போது நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்திலேயே ஆன்லைனில் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பொருளில் குறை இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. ஆகவே பழுதுக்கடை அண்ணன் சொன்னது சரி, அதுவரை திறக்காதீர்கள்.

கம்ப்யூட்டர்_லேப்_அக்கா:

தம்பி, நெல்லையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன், 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் 2013-ல் பழகிய மெஷினும் போன வருடம் வாங்கியதும் ஒரே பெயரைத் தாங்கியிருக்கின்றன, அவ்வளவுதான் உறவு. ஒரே கம்பெனியில் வீட்டுக்கு விற்கும் வரிசை ஒன்று, அலுவலகங்களுக்கு விற்கும் வரிசை ஒன்று. டெல்லில் இன்ஸ்பிரான் என்று விற்றது வேறு, லேட்டிடியூட் என்று விற்றது வேறு. ஹெச்பியில் பெவிலியன் என்று விற்றது வேறு, எலைட்புக் வேறு. லெனோவோவில் ஐடியாபேட் வேறு, திங்க்பேட் வேறு. அந்தத் திங்க்பேட்கூட 2005 வரை ஐபிஎம் கையில் இருந்தது. அதற்கும் மேல், பல கம்பெனிகளின் லேப்டாப்பைச் செய்து கொடுப்பதே குவான்டா, காம்பால் மாதிரி ஒருசில தைவான் நிறுவனங்கள்தான். இரண்டு போட்டிக் கம்பெனியின் மெஷின் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வருவது சகஜம்.

இதைச் சொல்வதால் உங்கள் நன்றியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த முதல் மெஷின் உங்களுக்குச் செய்தது நிஜம். ஆனால் நம்பி வருபவர்களிடம் கம்பெனிகள் எப்படி நடந்துகொண்டன என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1994-ல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கில் பிழை இருப்பது தெரிந்தபோது, "உங்களுக்கு அது பாதிக்கிறது என்று காட்டுங்கள், மாற்றித் தருகிறோம்" என்றுதான் இன்டெல் முதலில் சொன்னது. உங்களிடம் கவுன்டரில் சொன்ன அதே தோரணை. எதிர்ப்பு பெரிதாகி, அந்த டிசம்பரிலேயே கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாக அறிவித்தது. 47.5 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுத வேண்டியதாயிற்று. ஆப்பிள் 2015-ல் கொண்டுவந்த பட்டாம்பூச்சிக் கீபோர்டும் அப்படியே. தூசி போனால் எழுத்து விழாது, அல்லது இரண்டாக விழும். வாங்கியவர்களில் பலர் வேறு கம்பெனியை நினைத்தும் பார்க்காதவர்கள். 2018 ஜூனில்தான் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டம் வந்தது, 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் அந்த அமைப்பையே கைவிட்டார்கள். 2022-ல் அமெரிக்கக் கூட்டு வழக்கில் 5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். இரண்டிலும் வாங்கியவர்கள் சும்மா இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. விசுவாசமான வாடிக்கையாளர்தான் முதலில் குரல் எழுப்ப வேண்டும் என்பேன், அவருக்குத்தான் அந்த உரிமை அதிகம்.

மாற்றிப்பார் தம்பிக்கும் ஒன்று. நாங்களும் கோபத்தில் ஒரு முறை ஆய்வகம் முழுக்கக் கம்பெனியை மாற்றினோம். அது மதர்போர்டில் இருக்கும் கெபாசிட்டர் என்ற சின்ன மின் பாகம் உப்பி வெடித்துக்கொண்டிருந்த காலம், 2004 வாக்கில். புதிதாக வந்த போர்டுகளிலும் அதே கோளாறு.

அலுவலகத்துக்கு வாங்கும்போது மாடல் பெயரை வைத்துத் தேடுங்கள். கழற்றி மாட்டும் கையேட்டைக் கம்பெனியே வெளியிட்டிருக்கிறதா? கீல் எந்தப் பாகத்தில் ஸ்குரூ ஆகிறது, உலோகமா பிளாஸ்டிக்கா என்பது அந்தப் படத்திலேயே தெரியும். வீட்டுக்கு வந்து பழுதுபார்க்கும் 3 வருட வாரண்டி போட்டுக் கேளுங்கள். அதே பணத்துக்கு வேகம் கொஞ்சம் குறைந்த மெஷின்தான் கிடைக்கும், டேலிக்கு அது தாராளம்.

மாற்றிப்பார்_மச்சி:

அக்கா, அது எனக்குத் தோன்றவில்லை. நான் முதலில் வாங்கியது விலை குறைந்த வரிசை, மாறியது அலுவலக வரிசை. கம்பெனி மாறியதால் நன்றாக இருக்கிறது என்றே இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை_சிவகாசி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஜாப் ஷீட்டில் காரணம் எழுதித் தர மறுத்தார்கள். அன்று மாலையே மின்னஞ்சல், மறுநாள் 1915. ஒன்பதாவது நாள் நிறுவனத்தின் மேல் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்தார், போட்டோக்களை வாங்கிப் பார்த்தார். கீலும் சி பேனலும் திரை ஒயரும் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். ஏ பேனலில் இருந்த சின்ன விரிசலுக்கு மட்டும் 2,300 ரூபாய் என்றார்கள். அதுவும் என் மேல் தப்பில்லை என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. ஆணையத்துக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது, மனுவை எழுதி வைத்திருக்கிறேன்.

அலுவலகத்துக்கு வேறு கம்பெனியின் அலுவலக வரிசையில் இரண்டு வாங்கிவிட்டேன், 3 வருட வாரண்டியோடு. அக்கா சொன்ன கையேட்டைக் கடையிலேயே திறந்து பார்த்தேன். கடைக்காரர் என் பழைய வழக்கத்தை நினைத்து முதலில் அந்தக் கம்பெனி மெஷினைத்தான் எடுத்து வைத்தார். வேண்டாம் என்று சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

பழுதுக்கடை_ஈரோடு:

சந்தோஷம் தம்பி. அந்த நட்டைத் தளர்த்தினார்களா என்று பார்த்தீர்களா? மேசையில் வைத்து, நடுவில் ஒரே விரலால் மூடியைத் தூக்குங்கள். அடிப்பாகமும் சேர்ந்து எழுந்தால் கீல் இன்னும் இறுக்கம் என்று அர்த்தம்.

கணக்குப்பிள்ளை_சிவகாசி:

இப்போதுதான் செய்து பார்த்தேன் அண்ணே. எழுகிறது. நாளைக் காலையில் திரும்ப எடுத்துப் போகிறேன்.