ஏசி அறையில் செடி வைத்தால் உண்மையில் என்ன பலன்?

மாடிப்படி:
வேலை முழுக்க வீட்டிலிருந்துதான் என்றாகிவிட்டது. சென்னை, இரண்டாம் மாடி. 10-க்கு 12 அடி அறை, வடக்கே ஒரு ஜன்னல், பகல் முழுக்க ஏசி, போர் தண்ணீர். தவழும் குழந்தை உண்டு. நர்சரியில் ‘காற்றைச் சுத்தம் பண்ணும்’ என்று மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட் மூன்றையும் சேர்த்து 900 ரூபாய் சொல்கிறார்கள். சுத்தம் பண்ணுமா? இந்த அறையில் பிழைக்குமா?

வேர்முடிச்சு:
காற்றுக்காக என்றால் வாங்காதீர்கள். 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. அவர்கள் செடியை வைத்தது மூடிய சிறு பெட்டிக்குள். வீட்டில் கதவிடுக்கு, ஜன்னல் வழியாகக் காற்று மாறிக்கொண்டே இருக்கும். அந்த வேகத்துக்குச் செடி ஈடுகொடுக்காது. 2019-இல் ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்: சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாகச் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும். உங்கள் அறை சுமார் 11 சதுர மீட்டர். குறைந்த கணக்கிலேயே 110 தொட்டி! நாற்காலியை வெளியேதான் போடணும். காலையில் கால் மணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும்.

பலன் கண்ணுக்கு. திரை பார்த்து வேலை செய்கிறவர்களை 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளிப் பார்க்கச் சொல்வார்கள். உங்கள் அறையில் 20 அடியே கிடையாது. செடி ஜன்னல் திட்டில் இருந்தால் பார்வை அதைத் தாண்டித் தெருவுக்குப் போகும். மானிட்டர் பக்கத்தில் வைத்தால் அந்த லாபம் போச்சு.

தொட்டிமண்:
பிழைப்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. மதியம் செடி வைக்கப்போகும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் தெரிந்தால் மூன்றும் வளரும். மங்கலாக மொத்தையாகத் தெரிந்தால் ஸ்நேக் பிளான்ட்டும் மணி பிளான்ட்டும் தாக்குப்பிடிக்கும், அதிகம் வளராது. நிழலே விழாத மூலைக்கு பிளாஸ்டிக் செடிதான். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம், இலை ஓரம் காய்ந்துவிடும்.

வீட்டுக்குள் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான். நர்சரி செம்மண் ஏசி அறையில் சீக்கிரம் காயாது, வேர் அழுகும். இரண்டு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு கைப்பிடி ஆற்றுமணல் கலந்து மாற்றுங்கள். கோகோபீட்டில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்கணும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ‘தினம் ஒரு டம்ளர்’ கணக்கு ஆகாது. மண்மேல் குட்டிக் கறுப்பு ஈ பறந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். மருந்தைத் தேடாதீர்கள், மேல்மண்ணைக் காயவிடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஸ்பைடர் பிளான்ட் நுனிதான் முதலில் கருகும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை தொட்டியின் அடியில் வழிந்தோடுகிற அளவு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

மாடிப்படி:
நன்றி. மணி பிளான்ட்டை மட்டும் பாட்டில் தண்ணீரில் வைத்தால் இந்த மண் வேலை மிச்சம்தானே?

கொடிவழி:
மிச்சம்தான், ஆனால் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாயைப் பஞ்சால் அடையுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டும் இதே கணக்குதான்.

வெட்டும்போது இரண்டு கணுவாவது தண்ணீருக்குள் இருக்கணும், வேர் அங்கேதான் விடும். இலை ஒன்றும் முங்கக்கூடாது, அழுகி நாறும். பாசி பிடித்தால் பாட்டிலைச் சுற்றிப் பழுப்புத்தாள் ஒட்டுங்கள்.

குழந்தை இருப்பதால் ஒன்று: மணி பிளான்ட் இலையைக் கடித்தால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயில் குத்தி எரிச்சலும் வீக்கமும் வரும். ஸ்நேக் பிளான்ட்டைத் தின்றாலும் வாந்தி வரலாம். இரண்டையும் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், கொடியைத் தொங்கவிடாதீர்கள். கீழே வைக்கலாம் என்றால் ஸ்பைடர் பிளான்ட் ஒன்றுதான்.