ஒஹாயோ ஸ்டேட்டின் டிஃபென்சிவ் லைனை எப்படி எடைபோடுவது?

நண்பர்களே, ஒரு உதவி. 2025 சீசனில் ஆகஸ்ட் 30 அன்று டெக்சாஸுடன் முதல் ஆட்டம். அதற்கு முன் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி எப்படி இருந்தது என்று பிரிவு பிரிவாக மதிப்பிட்டுப் பார்க்கிறேன். (அமெரிக்கக் கால்பந்து. நம்மூர் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்களே, அது.)

ரிசீவர்களில், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்களில், குழப்பமே இல்லை. முதலாம் ஆண்டிலேயே 1,315 கெஜம் எடுத்த ஜெரமையா ஸ்மித் இருந்தார், கூடவே கார்னெல் டேட். பின்களத்தில் கேலப் டவுன்ஸ். சரி.

தலைவலி டிஃபென்சிவ் லைன்தான், அதாவது எதிரணியைத் தடுக்கும் முன்வரிசை. சாயர், டுயிமோலோவாவ், டைலீக் வில்லியம்ஸ், ஹாமில்டன் என நான்கு பேரையும் 2025 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) என்எஃப்எல் எனும் தொழில்முறை லீக்கின் அணிகள் அள்ளிக்கொண்டன. இந்த ஒரே அணியிலிருந்து மொத்தம் 14 பேர்! தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஜிம் நோல்ஸும் பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார்.

அதுவரை பெஞ்சில் இருந்தவர்களை எதை வைத்து அளப்பது? பள்ளிக்கால நட்சத்திர மதிப்பீட்டை நம்பலாமா, 2024-இல் ஆடிய ஸ்னாப் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ஸ்னாப்) எண்ணிக்கையைப் பார்ப்பதா? ஆட்டம் கைக்கு வந்த பிறகு இறக்கிவிட்ட ஸ்னாப்களையும் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும் என்று தோன்றுகிறது. அவற்றைக் கழித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறதா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்களேன்.