கல்லட்டி இறக்கத்தில் பெடல் தாழ்கிறது, டிஸ்க்கைப் பெரிதாக்கலாமா?

ஊட்டியிலிருந்து தலைகுந்தா வழியாக மசினகுடிக்கு இறங்கும்போது பிரேக் பாதியிலேயே தளர்ந்துவிடுகிறது. வண்டி 2015 போலோ ஜிடி டிஎஸ்ஐ, டிஎன் 43 பதிவு, 15 அங்குல வீல், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியதும் தீய்ந்த வாடை வரும். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி இறங்கி, கிட்டத்தட்ட தரையைத் தொடுகிறது. கீழே போய்க் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் பழையபடி கெட்டியாகிவிடும். குன்னூர் ரோட்டில் இந்தத் தொல்லையே இல்லை. போன மழைக்காலம் முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது.

இரண்டாவது கியரில்தான் இறக்குகிறேன், அதனால் 'எஞ்சின் பிரேக் போடுங்க' என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக ஊற்றி ஏர் எடுத்தாயிற்று. காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பின்களைக் கழற்றி கிரீஸ் வைத்தாயிற்று. பேடும் புதுசு. லீக் எங்கும் இல்லை. முன் டிஸ்க்கின் ஓரம் மட்டும் லேசாக நீலம் பாய்ந்திருக்கிறது.

ஒரு மெக்கானிக் 260 டிகிரி வரை கொதிக்காத டாட் 5.1-உம் அதிகச் சூடு தாங்கும் பேடும் போதும் என்கிறார். இன்னொருவர் 288 மிமீ டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் போடச் சொல்கிறார். காலிப்பர் பிஸ்டன் பெரிதானால் அதே மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது) பெடல் இன்னும் நீளுமே, பின் டிரம்மோடு பேலன்ஸும் கெடுமே என்று எனக்கு யோசனை.

இதே வண்டியில், 15 அங்குல வீலை மாற்றாமல் 288 டிஸ்க் போட்டு மலையில் ஓட்டுபவர்களே, இறக்கத்தில் பெடல் தாழ்வது நின்றதா?