லால்பாக் பாறையைக் காட்டி ஆதியாகமம் நடத்துகிறவர்களுக்கு

அல்சூர் தாவீது:
நேற்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் பெங்களூர் லால்பாக் கூட்டிப்போன ஒருவர், கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறையில் ஏற்றிவிட்டு, "இதற்கு 300 கோடி வயது, அதனால் படைப்பின் நாள் என்றால் யுகம்" என்றாராம். பேத்தி வந்து எனக்கே பாடம் எடுக்கிறாள். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று" என்றல்லவா இருக்கிறது? யுகத்துக்கு ஏதய்யா சாயங்காலம்?

கம்மனஹள்ளி சாம்:
அந்த ஒருவர் நான்தான் அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டலாம். சூரியன் வந்தது நாலாம் நாள். முதல் மூன்று நாளும் எது சாய்ந்து சாயங்காலம் ஆனது?

அல்சூர் தாவீது:
வெளிச்சம் முதல் நாளே வந்துவிட்டது, வாசியுங்கள். இருளைப் பிரித்தவருக்குச் சாயங்காலம் கொண்டுவரத் தெரியாதா? அப்புறம், மரம் செடியெல்லாம் மூன்றாம் நாள். உங்கள் கணக்கில் அவை ஒரு யுகம் முழுக்க வெயிலே படாமல் நின்றனவா?

கம்மனஹள்ளி சாம்:
ஏழாம் நாளுக்குச் சாயங்காலமே எழுதவில்லையே? 2:4இல் ஆறு நாளையும் சுருட்டி "உண்டாக்கின நாளில்" என்கிறது. எபிரெய மூலத்தில் அங்கேயும் 'நாள்' என்பதற்கு இதே 'யோம்'தான்.

அல்சூர் தாவீது:
ஏழாம் நாளை யார் கேட்டது? முதல் நாளுக்கு வாருங்கள். சாயங்காலம்!

சிவாஜிநகர் அந்தோணி:
ஆதியாகமத்தைக் கத்தோலிக்கர் நாங்கள் தொடக்கநூல் என்போம். அதில் "மாலையும் காலையும் நிறைவுற்று". அந்த நாள்கள் எப்படிப்பட்டவை என்று சொல்வதே கடினம் என்று புனித அகுஸ்தினார் 1600 வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். அவரைவிடப் பெரிய ஆளா நீங்கள்?

அல்சூர் தாவீது:
ஆதியாகமம் என்று சொல்ல வராதவரோடு எனக்கென்ன பேச்சு?

சிவாஜிநகர் அந்தோணி:
'ஆகமம்' வடமொழி ஐயா. பெங்களூர் வந்தால் தமிழும் மறந்துபோகுமோ?

அல்சூர் தாவீது:
வந்தவன் இல்லை. அல்சூர் ஏரிக்கரையிலேயே பிறந்தவன்.

இந்திராநகர் எஸ்தர்:
அங்கிள், கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போல என்று பேதுரு சொல்கிறாரே?

அல்சூர் தாவீது:
'போல' என்றுதான் சொல்கிறார், பாப்பா. அப்படியே வைத்தாலும் ஆறாயிரம்தான் தேறும். சாம் பாறைக்கு இன்னும் 299 கோடிச் சொச்சம் பாக்கி. யாத்திராகமம் 20:11, "ஆறு நாளைக்குள்ளே". நாள் என்றால் யுகம் என்றால் ஓய்வுநாளுக்கு யுகத்துக்கு ஒரு தரமா லீவு விடுவீர்கள்?

கம்மனஹள்ளி சாம்:
ஏழாம் நாளை யார் கேட்டது என்றீர்கள். இப்போது ஓய்வுநாளை நீங்களே இழுக்கிறீர்கள்.

அல்சூர் தாவீது:
அந்த 'யோம்' கூட என் கன்கார்டன்ஸில், அதுதான் பைபிள் சொல்லடைவில், பார்த்ததுதானே? வாங்கிப்போய் மூன்று வருஷம் ஆகிறது.

கம்மனஹள்ளி சாம்:
திருப்பித் தரத்தான் வந்தேன். வீடு பூட்டியிருந்தது. சாயங்காலம் ஆறு மணி.

அல்சூர் தாவீது:
ஆக, சாயங்காலம் என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சிவாஜிநகர் அந்தோணி:
ஏரிக்கரைக்காரரே, அகுஸ்தினாருக்குப் பதில்?

அல்சூர் தாவீது:
கன்கார்டன்ஸ் முதலில் வீடு வந்து சேரட்டும்.