ஐடிலிங் நிற்கவில்லையா? வால்வை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

வண்டி ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஐடிலிங்கில் (இன்ஜின் தானாக மெதுவாக ஓடும் நிலை) விட்டால்தான் தொல்லை. ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள் 800-இல் நிற்காமல் 500 வரை இறங்கும், வண்டி முழுக்க உதறும், அணைந்துவிடும். ஏசி போட்டிருந்தால் கட்டாயம் அணையும். மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போகிறவர்களுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கேட் திறந்ததும் இரண்டு பக்கமும் பஸ்ஸும் நெல் லாரியும் ஒன்றாகக் கிளம்பும். அந்த நெரிசலில் நடுரோட்டில் வண்டி அணைவது பெரிய ஆபத்து. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது கேபிள் த்ராட்டில் (இன்ஜினுக்குப் போகும் காற்றை விடும் தட்டை ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்கும் முறை) உள்ள பழைய பெட்ரோல் வண்டி. காலை எடுத்ததும் த்ராட்டில் தட்டு மூடிக்கொள்ளும். அப்புறம் இன்ஜினுக்கு வேண்டிய காற்று தட்டைச் சுற்றியுள்ள சின்ன வழியாகத்தான் போகும். அந்த வழியைத் திறந்து மூடுவது ஐடில் வால்வு. ஏசி கம்ப்ரசர் சேரும்போது கூடுதல் காற்றை விட்டு ஆர்பிஎம் விழாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். எவ்வளவு திறக்க வேண்டும் என்று ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சொல்லும்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0505 என்று ஒரு கோளாறு கோட் வந்தது. 'வால்வு போச்சு, புதுசு போட்டுடலாம்' என்றார்கள். அந்தக் கோட் சொல்வது ஐடில் கட்டுப்பாட்டில் கோளாறு இருக்கிறது என்பதை மட்டும்தான். வால்வா, ஒயரா, கப்ளரா (ஒயரைச் செருகும் பிளக்), கரி அடைத்திருக்கிறதா என்பதை நாம்தான் தேட வேண்டும். அளந்து பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

முதலில் வால்வைக் கழற்றி கிளீனர் அடித்துத் துடைத்தோம். கரி வந்தது, ஆனால் உதறல் குறையவில்லை. இந்த வால்வுக்கு மூன்று பின் (ஒயர் சேரும் முனை). உள்ளே இரண்டு காயில் (கம்பிச் சுருள்), நடு பின் இரண்டுக்கும் பொது. நடு பின்னிலிருந்து ஓரப் பின்களுக்கு மல்டிமீட்டர் வைத்ததில் ஒரு பக்கம் 12 ஓம், மறுபக்கம் 15 ஓம். காயில் இரண்டும் நலம். சாவியை ஆன் செய்து கப்ளரில் பார்த்தால் நடு பின்னுக்கு பேட்டரி வோல்டேஜ் சரியாக வருகிறது. ஆக ஃபியூஸ், ரிலே மேலும் சந்தேகம் இல்லை. மிச்சம் ஈசிஎம்மிலிருந்து வரும் இரண்டு ஒயர்கள்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒயரின் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தால் இரண்டு ஒயருமே பீப் அடித்தன. 'ஒயர் நல்லாருக்கு' என்று அதோடு விட்டிருந்தால் அடுத்த பழி ஈசிஎம் மேல் விழுந்திருக்கும். மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகக் கொஞ்சம். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அதற்கு முழு ஒயர் போலத்தான் தெரியும். அண்ணன் ஈசிஎம் பக்கக் கப்ளரையும் வால்வு பக்கக் கப்ளரையும் பிடுங்கிவிட்டு, அந்த ஒயர் வழியாகவே ஒரு சின்ன பல்பை பேட்டரியில் எரியவிட்டார். முதல் ஒயரில் பளிச்சென்று எரிந்தது. இரண்டாவதில் மங்கலாக ஒரு சிவப்பு, அவ்வளவுதான். ஒயர்க் கட்டை லேசாக ஆட்டினால் அதுவும் போய்விட்டது.

பேட்டரி தட்டுக்கு அடியில் டேப்பைப் பிரித்தோம். எலி! மேல்தோல் அரை இஞ்ச் நீளத்துக்குச் சுரண்டப்பட்டு, பற்குறி வரிசையாகத் தெரிந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வருவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் கதகதப்பும் இருக்கிறது, மறைவும் இருக்கிறது. கடித்த அன்றே வண்டி நிற்காது. திறந்த செம்பில் ஈரம் ஏறி, மாதக்கணக்கில் அரித்த பிறகுதான் கோளாறு வெளியே தெரியும்.

பச்சை பூத்த இடத்தோடு நிறுத்தாமல், பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டினார். அதே தடிமனில் ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு, மேலே வளையக் குழாய் மாட்டினார். ஸ்கேனரில் அந்தக் கோளாறு கோட்டை அழித்துவிட்டு, ஃபேன் ஓடும் வரை இன்ஜினைச் சூடாக்கி, ஏசி இல்லாமல் கொஞ்ச நேரம், ஏசியோடு கொஞ்ச நேரம் ஐடிலிங்கில் விட்டோம். முள் அசையவில்லை. வால்வு பழையதேதான்.

இதேபோல அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

வேதாரண்யம் பக்கத்து நண்பர்: எங்களுக்கு எலியைவிட உப்புக் காற்றுதான் எதிரி. என் வண்டியில் ஹெட்லைட் போட்டால் ஐடிலிங் ஏறி இறங்கும். வால்வு மாற்றியும் தீரவில்லை. கடைசியில் காரணம் எர்த். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பட்டையின் அடியில் துரு. லைட், ஃபேன் எல்லாம் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பாடியிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைக் கவனிக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். இன்றுவரை தொந்தரவு இல்லை.

கும்பகோணத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன்: தம்பி எழுதிய பல்பு சோதனை நல்லது. ஆனால் ஈசிஎம் கப்ளரைப் பிடுங்காமல் யாரும் செய்துவிடாதீர்கள், ஈசிஎம்முக்குள் வால்வை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகும். ஒயர் தோலில் ஊசி குத்திப் பார்ப்பதும் வேண்டாம், அந்த ஓட்டையிலேயே அடுத்த பச்சை ஆரம்பிக்கும். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய முனையைச் செருகி அளக்கலாம். இன்னொன்று, த்ராட்டில் பொசிஷன் சென்சாரையும் பாருங்கள். கால் எடுத்துவிட்டோம் என்பது ஈசிஎம்முக்கு அதன் மூலம்தான் தெரியும். தட்டு மூடியிருக்கும்போது பல வண்டிகளில் அதன் வோல்டேஜ் அரை வோல்ட் பக்கம் அசையாமல் நிற்கும். துள்ளினால் வால்வு என்ன செய்யும், பாவம்? கேபிள் இல்லாத புது வண்டிகளில் தனி வால்வே கிடையாது, மோட்டாரே தட்டை நகர்த்தும். சாவி ஆனில் இருக்கும்போது த்ராட்டிலுக்குள் விரலை விடாதீர்கள்.

திருவாரூர் வாசகி: எங்கள் வீட்டில் கொட்டகையைச் சுற்றித் தஞ்சாவூர் கிட்டி வைத்தோம். வயலில் எலி பிடிக்க வைக்கும் அதே மூங்கில் கிட்டிதான். வண்டியையும் வைக்கோல் போரிலிருந்து தள்ளி நிறுத்துகிறோம். ஒரு சந்தேகம், கப்ளரே உடைந்திருந்தால் முழு ஒயரிங்கும் மாற்ற வேண்டுமா?

என் பதில்: வேண்டாம் அக்கா. கப்ளர் மட்டும் கொஞ்சம் ஒயரோடு தனியாகக் கிடைக்கிறது. பழையதை வெட்டும் முன் எந்த நிற ஒயர் எந்தப் பின்னில் இருக்கிறது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக வெட்டி ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.